ஒத்திகை வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வரவில்லை. எங்களை ஒரு வருடத்துக்கு உள்ளே வைத்துக் கதவை மூடுவதற்கு முன் சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். மற்ற நால்வருக்கும் கூட்டமாக ஆள் வந்திருந்தது. எனக்கு அத்தான் மட்டும் தனியாக நின்றார். உனக்குத் தலைவலி என்று சைகை காட்டினார். பொய் சொல்லும்போது அவர் மூக்கைத் தடவுவார் என்பது உனக்குத் தெரியாததா?

சரி, போகட்டும். வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பழைய விமானக் கொட்டகை ஒன்றுக்குள் இதைக் கட்டியிருக்கிறார்கள். சன்னல் கிடையாது. செவ்வாய்க் கிரகத்தில் வீடு கட்டினால் அதன் மேல் மண்ணைப் போட்டு மூடித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் உடம்பைத் துளைத்துவிடும். அதனால் இங்கேயும் வானம் இல்லாமல் பழகச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிற காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறோம். குளித்த தண்ணீர், மூச்சில் போகிற ஈரம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சிறுநீர் உட்பட எல்லாம் சுத்தமாகி மறுபடி குடிக்க வருகிறது. முதல் டம்ளரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இப்போது பழகிவிட்டது.

எனக்குச் செடிகள். மக்காச்சோளம், பயறு, உருளைக்கிழங்கு, கீரை. நாங்கள் வருவதற்கு முன்பே விதைத்து வைத்திருந்தார்கள், முளை விரல் உயரம் வந்திருக்கிறது.

போனில் பேச முடியாது. கடிதம் மட்டும், அதையும் அந்தத் தூரத்துக்குப் பழகட்டும் என்று வேண்டுமென்றே சில நாள் பிடித்துவைத்துத்தான் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் எங்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்பார்கள். மனிதர் செவ்வாயில் நெடுங்காலம் வாழ முடியுமா? நீ போவாயா? இரண்டாவதற்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ வரவில்லை என்று எனக்கும் தெரியும்.

உன்,
மண்ணாங்கட்டி


பிப்ரவரி 21

மண்ணாங்கட்டிக்கு,

தலைவலி எல்லாம் ஒன்றும் இல்லை. கோபம்தான். உன் அத்தானிடம் அப்படியே சொல்லச் சொன்னேன், அவருக்குத் தைரியம் வரவில்லை.

நீ போவதற்காகக் கோபம் இல்லை. நீ சொன்ன விதத்துக்குத்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "அங்க போனா திரும்பி வர்ற மாதிரி இல்லக்கா" என்றாய், ஏதோ அடுத்த தெருவுக்கு வீடு மாறுவதுபோல. என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. அதை நீ யோசித்தாயா என்று கேட்டால் உனக்கும் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை.

எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் எங்கே போடுகிறீர்கள்? வெளியே தூக்கிப்போட முடியாதே. யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் மற்ற நால்வரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே ஓடுவீர்கள்? டாக்டருக்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? உன் கூட இருப்பவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள்? உனக்கு ஒருத்தரைப் பிடிக்காவிட்டால் மூஞ்சியில் காட்டிவிடுவாயே, அங்கே எப்படிக் காலம் தள்ளுகிறாய்?

நான் தாளில் எழுதிக் கொடுத்தால் உங்கள் அலுவலகத்தில் பிரித்துப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்களாம். அப்படியானால் படிக்கிறவர்களும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும். என் தங்கையை நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. பிரசவ வார்டில் டாக்டர்களோடு வேலை பார்த்துப் பார்த்து உன் எழுத்தும் கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நீ எழுதினாய். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நகமும் முடியும் எருத் தொட்டிக்குப் போகின்றன. முடி மட்கவே மாட்டேன் என்கிறது. உன் கேள்விக்குப் பிறகு எல்லோருடைய நகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கூட இருப்பவர்கள் சந்தேகமாக என்னைப் பார்க்கிறார்கள்.

ஆட்களைச் சொல்கிறேன். தலைவர் பல வருடம் கப்பலில் இருந்தவர், நடக்கும்போதுகூடத் தரை ஆடும் என்பதுபோலக் காலை அகட்டி வைப்பார். தண்ணீர்க்காரி நான் சொன்ன அந்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறாள். காற்றுக்காரர் பெரிய பெரிய கட்டடங்களில் ஏசி வேலை பார்த்தவர், சாது. டாக்டருக்கு உன் வயதுதான். அவள் அறையும் என் அறையும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் அட்டைபோல ஒரு சுவர். நன்றாகச் சிரிப்பாள்.

எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று கேட்டாயே, அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் வேலையைப் பற்றி அவராகக் கேட்டால் ஒழிய யாரும் வாய் திறக்கக் கூடாது. மூடிய வீட்டில் சின்னக் குறையும் பெரிய பகையாகிவிடுமாம். மூளைக்காரர்கள் உட்கார்ந்து யோசித்த விதி. வேலையும் செய்கிறது. இதுவரை ஒரு சண்டை இல்லை. உப்பில்லாமல் உருளைக்கிழங்கு வேகவைத்தால்கூட எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நீ இங்கே வந்தால் ஒரே வேளையில் விதி உடைந்துவிடும்.

செவ்வாய் மண்ணைப் பற்றி ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும். அதில் ஒரு வகை உப்பு கலந்திருக்கிறது, கழுவாமல் பயிர் வைத்தால் அதைச் சாப்பிடுபவரின் தைராய்டு கெட்டுப்போகும். அதனால் அங்கே போய் முதலில் செய்யவேண்டியது மண்ணைக் குளிப்பாட்டுவது. அந்த மண்ணைப் போலவே இங்கே செய்து கொடுத்திருக்கிறார்கள். தினமும் மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், நீ எனக்கு வைத்த பேர் வீண்போகவில்லை.

மக்காச்சோளம் என் தோள் உயரம் வந்துவிட்டது. உச்சியில் பூ தெரிகிறது. இந்தக் கதிர்தான் வருடத்தின் பின்பாதிக்கு எங்கள் சாப்பாடு.

உன்,
மண்ணாங்கட்டி


மார்ச் 29

மண்ணாங்கட்டிக்கு,

நேற்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. தராசில் வைக்கும்போது உன் ஞாபகம் வந்து தொலைத்தது. அங்கே இதே குழந்தையை வைத்தால் தராசு என்ன காட்டும் என்று உன் அத்தானைக் கேட்டேன். அவர் இப்போது ராத்திரி பகல் இதைத்தான் படிக்கிறார், சாப்பாட்டு மேசை விரிப்பில் பேனாவால் கிரகம் வரைந்து வைத்திருக்கிறார், அது துவைத்தும் போகவில்லை. இங்கே காட்டுவதில் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் காட்டும் என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. வலி எடுத்த தாயை நாங்கள் ஏன் நடக்கச் சொல்கிறோம்? குழந்தையின் தலை தன் எடையால் கீழே இறங்கட்டும் என்றுதான். அங்கே எடை இவ்வளவு குறைந்தால் தலை எப்படி இறங்கும்? பிறந்த குழந்தை கழுத்தைத் தூக்கப் படாத பாடு படும், அந்தப் பாட்டில்தான் கழுத்து உறுதியாகும். பாடே இல்லாவிட்டால்? எலும்பு எப்படி வளரும்? அங்கே வளர்ந்த பிள்ளை இங்கே வந்தால் எழுந்து நிற்குமா, இல்லை ஈரத்துணி மாதிரித் துவண்டு விழுமா?

நெடுங்காலம் வாழ்வது என்கிறார்களே, அதற்குப் பிள்ளை பிறக்க வேண்டாமா? பிறக்காவிட்டால் அது தங்கும் விடுதிதானே, ஊர் ஆகாதே. உங்கள் மூளைக்காரர்கள் யாராவது இதை யோசித்தார்களா?

இங்கே பருவம் தப்பி விடாமல் மழை. வீடு முழுக்கக் கயிறு கட்டித் துணி தொங்குகிறது, குனிந்துதான் நடக்கிறோம். உங்களுக்கு வெயிலும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. துணி எப்படிக் காயும்? இதையும் எழுது.

இப்படிக் கேட்பதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். இங்கே சண்டை நடந்துவிட்டது. காரணம் நீ.

முதலில் உன் கேள்வி. உன் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். யாருக்கும் தெரியாது என்றாள். எடையே இல்லாத இடத்தில் பெரியவர்களுக்கு எலும்பு கரைகிறது, அது தெரியும். அரைகுறை எடையில் ஒரு கரு எப்படி வளரும் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. இந்த வீட்டில் எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்கலாம், எடையை மட்டும் முடியாது. ஆகவே உன் கேள்விக்குப் பதில், பெரிய சுழி.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். சோளக் கதிரை உரித்துப் பார்த்தேன். பொக்கை வாய். இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி, நடுவில் ஈறு மாதிரி வெறுமை. ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று நன்றாக இருக்கும் என்று உரித்துக்கொண்டே போனேன். எல்லாம் அதே கதிதான். விதை கெட்டதோ, வெளிச்சம் போதவில்லையோ, மண்ணைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதி அப்படி. அவர்கள் கேட்காததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த நிலைமையில் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். துணியா, அரை நாளில் காய்ந்துவிடும் என்று எழுதத் தொடங்கினேன். கை நின்றுவிட்டது. நாங்கள் வந்த புதிதில் அப்படித்தான் காய்ந்தது. இப்போது காலையில் போட்ட துண்டு மறுநாளும் சொதசொதவென்று இருக்கிறது, நானும் அதையே எடுத்துத் துடைத்துக்கொள்கிறேன். எப்போதிலிருந்து என்று யோசித்தும் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஒரு நூலை எடுத்துக்கொண்டுபோய்க் காற்று வரும் துவாரத்துக்கு எதிரே பிடித்தேன். நூல் அசைந்தது என்றும் சொல்லலாம், அசையவில்லை என்றும் சொல்லலாம். மக்காச்சோளத்தின் மகரந்தத்தைக் கொண்டுபோய்க் கதிரில் சேர்ப்பது காற்றுதான், அக்கா. காற்றில்லாத ஊரில் காற்றை நானே மறந்துவிட்டேன்.

சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் காற்றுக்காரரைக் கேட்டேன். "விசிறிய குறைச்சீங்களா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமாத்தாம்மா குறைச்சேன். அந்தச் சத்தத்துல டாக்டரால தூங்க முடியல. பாவமா இருந்துச்சு. அவங்க கேக்கக்கூட இல்ல, நானாத்தான் செஞ்சேன்."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர்க்காரிக்குக் காற்றிலிருந்து வடிகிற தண்ணீர் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, தன் இயந்திரத்தில்தான் கோளாறு என்று தனியாகக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறாள். தலைவருக்குக் காலையில் எழுந்தால் தலைவலி, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். எனக்கும் தலைவலி இருந்தது, மூச்சுவிட்ட காற்று அறையிலேயே தேங்கினால் அப்படித்தான் இருக்குமாம். ஐந்து பேர் கையிலும் விஷயத்தின் ஒரு பகுதி இருந்தது. ஐந்து பேரும் பெரிய மனிதத்தனமாக வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

நான் கத்தினேன், தண்ணீர்க்காரி அதைவிடக் கத்தினாள். சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளைக் கிழித்தவர் தலைவர். இப்போது விசிறி பழையபடி இரைகிறது. பிந்தி விதைத்த வரிசை பூத்திருக்கிறது, காலையில் ஒவ்வொரு செடியாகப் பிடித்து உலுக்கிவிடுகிறேன். அது பிழைத்தால் நாங்கள் அரை வயிறாவது சாப்பிடலாம்.

எனக்கு ஒன்று மட்டும் ஆச்சரியம். மனிதர் வேறு கிரகத்தில் வாழ முடியுமா என்று சோதிக்க எத்தனை கருவி வைத்திருக்கிறார்கள். ஒரு ஈரத் துண்டுக்கு முன்னால் அதெல்லாம் வாயடைத்துப்போய் நின்றது.

உன்,
மண்ணாங்கட்டி


மே 6

மண்ணாங்கட்டிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே வாங்கிப் படித்தார்.

எங்கள் வார்டில் ஒருத்தி செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்வாள். மருந்து போடுகிறேன், நாடி இவ்வளவு, இரத்தம் கொஞ்சம் கூடத் தெரிகிறது என்று. பக்கத்தில் நிற்கிறவள் காதில் விழ வேண்டும் என்பதற்காக. புதிதாக வருகிற பெண்கள் கூச்சப்படுவார்கள், தான் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று. தப்பாகச் சொன்னால் யாராவது திருத்துவார்கள், சொல்லாமலே செய்தால்தான் ஆபத்து. ஆகவே நீங்கள் சண்டை போட்டது நல்லது. இன்னும் கொஞ்சம் போடுங்கள்.

ஆனால் எனக்கு அந்த டாக்டர்தான் மனதில் நிற்கிறாள். நன்றாகச் சிரிப்பாள் என்று எழுதியிருந்தாய். தூங்காதவள் எப்படி நன்றாகச் சிரிப்பாள்? பகலெல்லாம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் உடைந்துபோன தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். விசிறிச் சத்தம்தான் காரணம் என்றால் இப்போது மறுபடி இரைகிறதே, இப்போது என்ன செய்கிறாள்? பக்கத்து அறையில்தானே இருக்கிறாய். போய்க் கேள். அவளாகக் கேட்டால் ஒழிய என்று காத்திருக்காதே.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு நடுவில் நான் எழுதியதெல்லாம் சின்னச் சின்னக் கடிதம். கதிர் பிழைத்தது, அரை வயிறு சாப்பிடுகிறோம், இளைத்துவிட்டேன் என்று. டாக்டரைப் பற்றி நீ ஒவ்வொரு முறையும் கேட்டாய், நான் ஒவ்வொரு முறையும் பரவாயில்லை என்றேன். அது பொய். நீ சொன்னபடி போய்க் கேட்டேன். அன்றிலிருந்து தினமும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுகிறோம். அதில் அவள் கொஞ்சம் தூங்கினாள். போன வாரத்தோடு அதுவும் நின்றுவிட்டது.

நேற்று அவள் வெளியே போகவேண்டும் என்று தலைவரிடம் சொன்னாள். கதவு ஒரு தடவை திறந்தால் ஒத்திகை தோற்றதாக எழுதிவிடுவார்கள். எங்கள் ஐந்து பேரின் வருடமும் போனது போனதுதான். தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் நாலரை மாதம்தான், உன் பேச்சைத்தான் கேட்பாள், எப்படியாவது பேசிப் பிடித்துவை என்றார். என் மனமும் அதைத்தான் சொன்னது. உண்மையை மறைக்கவில்லை, அக்கா. நான் செவ்வாய்க்குப் போகவேண்டும் என்கிற ஆசையில்தான் அவள் அறைக்குள் போனேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள். "கதவு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தினமும் எந்திரிக்கிறேன். இன்னைக்கு வேணும்னா திறக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு. அங்க போனா எதை நெனச்சு எந்திரிக்கிறது?"

யோசித்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான். தலைவரும், காற்றுக்காரரும், தண்ணீர்க்காரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தேன், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் இத்தனை மாதம் தாக்குப்பிடித்தது கதவு இருப்பதால். திறக்கவே முடியாத வீட்டில் மனிதர் தாக்குப்பிடிப்பாரா என்பதைப் பற்றி இந்த ஒத்திகை எதையுமே சொல்லவில்லை.

கைப்பிடியை நான்தான் இழுத்தேன். வேறு யாரும் இழுக்கட்டும் என்று விட மனம் வரவில்லை. வெளிக்காற்று உள்ளே வந்தது. தூசி, டயர், யாரோ போட்டிருந்த சென்ட் எல்லாம் கலந்த வாசனை, தலை சுற்றிவிட்டது. டாக்டர் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டத் தெரியாமல் தடுமாறினாள். அவள் முகத்தில் தெரிந்தது தோல்வி இல்லை. பசித்தவள் சாப்பிட்டு முடித்த முகம்.

ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இரண்டு கேள்விக்கும் உடனே பதில் கேட்டார்கள். மனிதர் அங்கே நெடுங்காலம் வாழ முடியுமா என்பதற்கு, காற்று, தண்ணீர், சாப்பாடு எல்லாம் முடியும், பிள்ளை பிறக்குமா என்பது யாருக்கும் தெரியாது என்று எழுதினேன். நீ போவாயா என்பதற்கு, திரும்பி வர வண்டி ஒன்று அங்கே நிற்கும்வரை போகமாட்டேன் என்று எழுதினேன். திரும்ப வழியில்லாத இடத்தில் ஒருவர் வாழ்கிறாரா, மாட்டிக்கொண்டிருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? அப்படி ஒரு வண்டிக்கு இப்போதைக்குத் திட்டம் இல்லை, உன் பதிலை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்றேன்.

செடிகளை ஒப்படைத்துவிட்டு நாங்கள் நால்வரும் வெளியே வர இன்னும் சில நாள் ஆகும். தோட்டத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். தாராளமாகப் படு.

உன்,
மண்ணாங்கட்டி


செப்டம்பர் 22

என் மண்ணாங்கட்டிக்கு,

இன்று எழுதிவிடாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

உன்னுடைய பெரிய சுழி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. எங்கள் பெரிய டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன், அரைகுறை எடையில் கரு வளருமா என்று. முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எலும்பு டாக்டர் வந்தார், குழந்தைகள் டாக்டர் வந்தார், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் டாக்டரம்மா சொன்னார், யாராவது அங்கே போய் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்று.

அந்த யாராவது என் தங்கையாக இருக்கக் கூடாது. இத்தனை நாள் என் வழக்கு அதுதான். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். போகிற எவளுக்கும் ஒரு அக்கா இருக்கத்தான் செய்வாள். எல்லா அக்காவும் என்னைப்போல மறித்துக்கொண்டு நின்றால் யார்தான் போவது? இன்னொருத்தியின் தங்கை போனால் மட்டும் நான் ஆசையாகச் செய்தி படிப்பேனா? வெட்கமாக இருந்தது.

அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு இருக்கிற அரிப்பு, அது என்ன, அது எப்படி என்று தெரிந்தே ஆகவேண்டும் என்கிற அரிப்பு, இப்போது எனக்கும் வந்துவிட்டது. அதை அடக்கி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தச் சில மாதத்தில் கண்டுகொண்டேன். உன்னைப் பிடித்து வீட்டில் உட்காரவைத்தால் நீ என் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாய். அதற்கு நீ தூரத்தில் இருப்பதே மேல்.

கிளம்புகிறவளிடம் போயிட்டு வா என்றுதான் சொல்லிப் பழக்கம். உன்னிடம் அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். அதனால் பாதியைத்தான் சொல்ல முடியும். வாயால் சொல்ல வரவில்லை, உன் அத்தான் முன்னால் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். எழுதித் தருகிறேன்.

போ.

அக்கா


செப்டம்பர் 30

அடியே,

என் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் உன்னுடையது வந்தது. வழியில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

வார்டு தாழ்வாரத்தில் நின்று படித்தேன். கை உறையைக்கூடக் கழற்றவில்லை. நீ வருகிறாய், போகவில்லை என்பதைப் படித்ததும் வாய்விட்டே சிரித்துவிட்டேன், போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷம். போ என்று எழுதியவள்தான், இருந்தும் இவ்வளவு சந்தோஷப்பட முடிந்தது, என்ன செய்ய.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. நீ தோட்டத்தில் உட்கார்ந்து அழுதது கண்ணிலேயே நிற்கிறது. அந்த டாக்டர் பெண்ணை நீ வெளியே விட்டது சரி. வண்டி வேண்டும் என்று கேட்டதும் சரி. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லு, சுற்றி வளைக்காதே. இது எனக்காகவா? நான் அழுவேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று பயந்து வண்டியைச் சாக்காகச் சொன்னாயா? எனக்காக என்றால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன். என்னையும் மன்னிக்க மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் இன்றுதான் ஒன்றாகக் கொடுத்தார்கள்.

உனக்காக இல்லை. உனக்காக என்றால் சுலபமாக இருந்திருக்கும், பழியை உன் தலையில் போட்டுவிட்டு ஆயுசுக்கும் உன்னைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். டாக்டர் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினாளே, அவளுக்காகத்தான் எழுதினேன். கதவு இல்லாத வீட்டில் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று இப்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு செய்தி. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தலைவர், காற்றுக்காரர், தண்ணீர்க்காரி மூவரும் என்னைப்போலவே எழுதியிருக்கிறார்களாம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. நால்வரும் ஒரே பதில் சொன்னதால் அவர்களுக்குக் கொஞ்சம் கலக்கம். திரும்பும் வண்டிக்கு என்ன ஆகும், எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட ஒரு குழு உட்காருகிறது, என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்காமலும் போகலாம். பத்து வருடமும் ஆகலாம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். நிறையச் சாப்பிடுவேன், உன்னோடு சண்டை போடுவேன், உன் டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டும். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்த முறை தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லவில்லை. அந்த வண்டி வந்தால் நான் போவேன், அக்கா. போ என்று உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். எழுத்து கோழி கிளறியதுதான், இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை தெளிவாக இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்காதே, நான் தரமாட்டேன்.

உன்,
மண்ணாங்கட்டி